படிக்கிற பிள்ளையைப் பதில் சொல்ல வைக்கும் புத்தகம்

வாசகர் கேள்வி – பதில்

மின்பாட நூல்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதச் சொன்னார்கள். அறிவியல் ஆசிரியையாக இருந்துவிட்டு, பாடநூல்களைத் திரைக்கு ஏற்றபடி வடிவமைக்கும் வேலைக்கு வந்தவள் நான். பாடம் எழுதுபவர், படம் வரைபவர், அனிமேஷன் செய்பவர், நிரல் எழுதுபவர் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, "இந்தப் பக்கத்தில் பிள்ளை என்ன செய்யும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. கடிதங்களுக்கும் அந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

என் மகனின் பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் வீடியோ வருகிறது. டிஜிட்டல் பாடநூல் என்பது இதுதானே? இதற்கு மேல் என்ன வேண்டும்?
– ஆறாம் வகுப்பு மாணவனின் தாய், திருத்துறைப்பூண்டி

2018-ல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் வந்தபோது க்யூஆர் கோடும் சேர்ந்தே வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பாடங்களை இணையத்தில் தர மத்திய அரசு தொடங்கிய திக்‌ஷா தளத்தில் அந்தக் கோடு வழியாகப் பாடத்துக்குரிய பக்கத்துக்குப் போகலாம். கோடு மங்கி ஸ்கேன் ஆகவில்லை என்றால், அதனுடன் அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைச் செயலியில் தட்டினாலும் போதும். பல வீடுகளில் இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதன் ஓரத்தில் ஒரு கதவு திறந்துவிட்டது நல்ல ஏற்பாடு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கதவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. வீடியோ ஓடுகிறது, பிள்ளை பார்க்கிறான், முடிகிறது. அவன் என்ன புரிந்துகொண்டான் என்று வீடியோவுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அச்சுப் புத்தகத்தால் செய்ய முடியாத ஒரு காரியம் திரையால் முடியும்: பிள்ளை சொன்ன பதிலைப் பார்த்து, அதற்கேற்ற மறுபதிலை அங்கேயே சொல்வது. அதைச் செய்யாத டிஜிட்டல் பாடநூல் கண்ணாடிக்குள் இருக்கும் அச்சுப் புத்தகம்தான்.

ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். மின்சுற்றுப் பாடம். ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடராக இணைத்திருக்கிறோம். சுவிட்சைப் போடும் முன்பே திரை கேட்கிறது: எந்தப் பல்பு அதிகமாக ஒளிரும்? முதல் பல்பு, இரண்டாவது பல்பு, இரண்டும் ஒரே அளவு என்று மூன்று விடைகள். பெரும்பாலான வகுப்புகளில் நிறையப் பிள்ளைகள் முதல் பல்பைத் தொடுவார்கள். மின்னோட்டம் முதலில் அங்கேதான் வருகிறது, அந்தப் பல்பு கொஞ்சம் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். அறிவியல் கல்வி ஆய்வுகளில் நன்றாகப் பதிவான தவறான கருத்து இது.

இப்போது திரை என்ன சொல்ல வேண்டும்? "தவறு, சரியான விடை மூன்றாவது" என்று சிவப்பில் காட்டினால் பிள்ளை அடுத்த கேள்விக்குப் போய்விடுவான், மின்னோட்டம் தீர்ந்துபோகும் என்ற எண்ணம் அப்படியே இருக்கும். நாங்கள் எழுதுவது இப்படி: "முதல் பல்புக்கு மின்னோட்டம் முதலில் வருவதால் அது அதிகம் எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தாயா? சரி, மின்கலத்தைத் திருப்பிப் போடு. இப்போது எந்தப் பல்பு முதல் பல்பு?" பிள்ளை விரலால் மின்கலத்தைத் திருப்புகிறான். இரண்டு பல்பும் முன்பு போலவே சமமாக எரிகின்றன. அடுத்து மின்னோட்டத்தை அளக்கும் ஓர் அம்மீட்டரைக் கொடுத்து முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். மூன்றிலும் ஒரே அளவு. அப்புறம்தான் விளக்கப் பத்தி வருகிறது. அதற்குள் அந்தப் பத்தியைப் படிக்க அவனுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கென் கோடிங்கரும் குழுவினரும் 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இணையவழி உளவியல் பாடம் ஒன்றைப் படித்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்ததில், பயிற்சிகளைச் செய்ததற்கும் கற்றலுக்கும் இருந்த தொடர்பு, வீடியோ பார்த்ததற்கோ பக்கங்களைப் படித்ததற்கோ இருந்ததைப் போல ஏறக்குறைய 6 மடங்கு. இதை எங்கள் அறைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். யாராவது "இங்கே ஒரு வீடியோ போட்டுடலாம் மேடம்" என்றால் சுவரைக் காட்டுவேன்.

உங்கள் மகன் விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். வீடியோ முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு, "என்னப்பா பார்த்தே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். நீங்கள் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. அவன் எங்கே தடுமாறுகிறானோ அங்கே திரும்பப் பார்க்கட்டும்.

பிள்ளைகள் போனில் படித்தால் மனதில் நிற்பதில்லை, புத்தகத்தில் படித்தால்தான் நிற்கும் என்கிறார்கள். உண்மையா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மன்னார்குடி

பெருமளவு உண்மை ஐயா. ஆனால் காரணத்தையும் பார்க்க வேண்டும். 2018-ல் ஸ்பெயினைச் சேர்ந்த டெல்காடோவும் சக ஆய்வாளர்களும் 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 1,70,000-க்கும் மேல். காகிதத்தில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் திரும்பத் திரும்பத் தென்பட்டது. நேரம் குறைவாகக் கொடுத்தபோது அது கூடியது. தகவல் சொல்லும் கட்டுரைகளில் தெரிந்தது, கதைகளில் தெரியவில்லை. நம் பாடப்புத்தகங்கள் தகவல் சொல்பவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் இப்படி என்பதற்கு இஸ்ரேலில் ஆக்கர்மன், கோல்ட்ஸ்மித் இருவரும் 2011-ல் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எவ்வளவு நேரம் படிக்கலாம் என்பதை ஆய்வாளர்களே வரையறுத்தபோது திரையில் படித்தவர்களும் காகிதத்தில் படித்தவர்களும் ஏறத்தாழ ஒன்றாகவே செய்தார்கள். "உங்களுக்குப் போதும் என்று தோன்றும்வரை படியுங்கள்" என்று விட்டபோது திரைக்காரர்கள் பின்தங்கினார்கள். தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்ற கணிப்பும் அவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாக இருந்தது. ஆக, குறை கண்ணில் மட்டும் இல்லை. திரையில் படிக்கும்போது "புரிந்துவிட்டது" என்ற நினைப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது.

வடிவமைப்பாளருக்கு இதில் ஒரு வழி தெரிகிறது. அந்த நினைப்பைச் சோதிக்க நடுநடுவே கேள்வி வைக்க வேண்டும். பாடத்தின் கடைசியில் பத்துக் கேள்விகளைக் குவிப்பதைவிட, இரண்டு மூன்று பத்திக்கு ஒருமுறை ஒரு கேள்வி கேட்டால், "அட, இது எனக்குத் தெரியலையே" என்பது பிள்ளைக்கு அங்கேயே உறைக்கும். அதே சமயம் நீளமான பாடத்தை ஊன்றிப் படிக்க அச்சுப் புத்தகமே இருக்கட்டும் என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன். அச்சும் திரையும் ஒன்றை ஒன்று விரட்ட வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆன்லைன் வினாடி வினா வைக்கிறோம். பிள்ளைகள் நன்றாகவே மதிப்பெண் எடுக்கிறார்கள். அதே கணக்கைத் தேர்வில் மாற்றிக் கேட்டால் தவறு செய்கிறார்கள். எங்கே தவறுகிறோம்?
– கணித ஆசிரியை, பரமக்குடி

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தசம எண்கள்தான் ஞாபகம் வந்தன. கேள்வியை வைப்பதில்தான் சூட்சுமம். "0.3, 0.72 இரண்டில் எது பெரியது?" என்று கேட்கிறீர்கள் என்று வையுங்கள். வகுப்பே 0.72 என்று சரியாகச் சொல்கிறது. திருப்தியாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுவீர்கள். ஆனால் அதில் பாதிப் பேர், "72 மூன்றைவிடப் பெரிசு" என்று புள்ளியை மறந்து முழு எண்ணாகப் படித்தே அந்த விடைக்கு வந்திருக்கலாம். விடை சரி, யோசனை தவறு. அவர்களிடமே 0.45, 0.6 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். 45 ஆறைவிடப் பெரிசு என்று 0.45-ஐத் தொடுவார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அது நேர் எதிர். பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று வகுப்பில் கேட்டது மனதில் பதிந்து, புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது என்ற விதியாக அது மாறியிருக்கும். அவர்கள் 0.6-ஐச் சரியாகச் சொல்வார்கள், 0.72-ஐ விட்டுவிட்டு 0.3-ஐப் பெரியது என்பார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கே ஸ்டேசி, விக்கி ஸ்டெய்ன்லே இருவரும் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் பிரித்துக் காட்டும்படியே ஒரு சோதனைத்தாள் உருவாக்கினார்கள். ஒவ்வொரு சோடியும் ஏதாவது ஒரு தவறான விதியைப் பிடிப்பதற்காகவே அதில் இருக்கிறது.

அதனால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். ஒரு சோடி 0.45, 0.6 என்றால் இன்னொன்று 0.3, 0.72, அப்புறம் 0.5, 0.50 என்று வையுங்கள். யார் எதில் தவறுகிறார் என்பதைப் பார்த்தால் அவர் மனதில் ஓடும் விதி தெரிந்துவிடும். பத்துக்குப் பத்து கட்டம் ஒன்றைத் திரையில் கொடுத்து 0.6-க்கு ஆறு வரிசை, 0.45-க்கு நாற்பத்தைந்து சிறு கட்டம் என அவர்களையே வண்ணமிடச் சொல்லுங்கள். ரூபாய், பைசா உதாரணத்தைத் தசமத்துக்கு எல்லோரும் உடனே எடுத்துவிடுகிறோம். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். 45 பைசா, 60 பைசா என்று படித்ததுமே அவை மறுபடி முழு எண்களாகிவிடுகின்றன. 0.456 என்று மூன்று இலக்கம் வந்தால் அந்த உதாரணம் கைகொடுக்காது.

வினாடி வினா மென்பொருளில் ஒவ்வொரு தவறான விடைக்கும் தனித்தனிக் குறிப்பு எழுத இடம் இருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள். "மீண்டும் முயற்சி செய்" என்பது பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை. மூன்று விடை இருந்தால் அடுத்த தட்டலில் இரண்டில் ஒன்று, அதற்கடுத்து மீதி ஒன்று என்று தட்டிக்கொண்டே போய்ப் பச்சை நிறத்தைப் பிடித்துவிடுவார்கள்.

கல்வி அனிமேஷன் செய்யும் சிறு ஸ்டூடியோ நடத்துகிறேன். பள்ளிகள் "இன்னும் கலர்ஃபுல்லா, பின்னணி இசையோடு வேண்டும்" என்கின்றன. உண்மையில் பிள்ளைகளுக்கு எது உதவும்?
– அனிமேஷன் கலைஞர், கோயம்புத்தூர்

உங்களைப் போன்றவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே எனக்கு மகிழ்ச்சி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயர் பல பத்தாண்டுகளாக இதையே ஆராய்ந்து வருகிறார். அவருடைய முடிவுகளில் உங்கள் மேசைக்கு நேரடியாக வருபவை சில. பாடத்தோடு சம்பந்தமில்லாத இசை, சத்தம், வேடிக்கைத் துணுக்கு எதுவும் கற்றலைக் குறைக்கும். படம் ஓடும்போது குரல் விளக்கம் சொல்கிறது என்றால், அதே வாக்கியங்களைத் திரையில் எழுத்தாகவும் ஓடவிட வேண்டாம். கண் எழுத்துக்குப் போய்விடும், படத்தைப் பார்க்காது. (காது கேளாத பிள்ளைகளுக்கு வரிகள் அவசியம். தேவைப்படும்போது போட்டுக்கொள்ளும் வசதியாக அதை வையுங்கள்.) படத்தின் பெயர்களை அந்தந்த உறுப்பின் மேலேயே எழுதுங்கள். அ, ஆ, இ என்று குறிப்பிட்டுக் கீழே பட்டியல் போட்டால் பிள்ளையின் கண் மேலும் கீழும் அலையும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் நிறுத்துவது. மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் அனிமேஷன் ஒன்றை மேயரும் சாண்ட்லரும் 16 சிறு துண்டுகளாக வெட்டி, துண்டு முடிந்ததும் "தொடர்" என்ற பொத்தானைக் காட்டினார்கள். 2001-ல் வந்த ஆய்வு அது. ஒரே மூச்சில் பார்த்தவர்களைவிட, தாங்களே அழுத்தி அழுத்தி முன்னேறியவர்கள் புதிய கேள்விகளுக்கு நன்றாக விடை சொன்னார்கள். படமும் ஒன்றே, குரலும் ஒன்றே, கூடுதலாக வந்தது ஒரு பொத்தான் மட்டும்.

பள்ளி நிர்வாகத்திடம் பேசும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஐந்து நிமிடப் படத்தை ஐந்து துண்டாக்கி, நடுவில் "அடுத்து என்ன நடக்கும்?" என்று நான்கு கேள்வி வைத்துத் தருகிறேன், இசையை எடுத்துவிடுகிறேன், சம்மதமா? டேட்டா கணக்கும் உங்கள் பக்கம் பேசும். சாதாரணத் தரத்தில் ஐந்து நிமிட வீடியோவே சுமார் 30, 40 எம்பி இழுக்கும். அதே கருத்தை விளக்கும் நான்கு நல்ல கோட்டோவியங்களும் ஒரு பத்தியும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். அப்பாவின் போன் ராத்திரிதான் கைக்கு வரும் என்ற வீட்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

பார்வையற்ற மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். பல தமிழ்ப் பாட பிடிஎஃப்களைத் திரைவாசிப்பு மென்பொருளில் போட்டால் உளறுகிறது. கணினிக்குத் தமிழ் தெரியவில்லையா? படங்களுக்கு விவரிப்பு எப்படி எழுதுவது?
– சிறப்பாசிரியர், திருச்சிராப்பள்ளி

கணினிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ மென்பொருள் தமிழ் வாசிக்கிறது, ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் வாசிக்கிறது. கோளாறு கோப்பில். ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த பழைய எழுத்துருக்களில் பக்கம் அமைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலக் குப்பை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்று அறிவித்துவிட்டது. இருந்தும் அச்சுக்குப் போகும் பக்கங்களில் பழைய பழக்கம் இன்னும் விடவில்லை.

யூனிகோடில் அமைத்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். கொ, கோ போன்ற எழுத்துகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் எழுதப்படுகின்றன, ஆனால் யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகின்றன. பிடிஎஃப் கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பிடித்துக்கொண்டால் சொல் உடைந்துபோகும். சோதிப்பது எளிது. பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டுங்கள். ஒழுங்கான தமிழாக விழுந்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் கேட்கும். விழாவிட்டால் பதிப்பாளரிடம் ஈபப் என்ற மின்நூல் கோப்போ வலைப்பக்கமோ கேளுங்கள். அவற்றில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், போனின் அகலத்துக்கு வரிகள் தாமே மடங்கும், பெரிதாக்கிப் படிக்கலாம். ஏ4 பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த வசதி சேரும்.

படங்களுக்கு எழுதும் விவரிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். "இதயத்தின் படம்" என்று எழுதினால் அது விவரிப்பு ஆகாது. அந்தப் படம் அந்தப் பக்கத்தில் எதற்காக இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். உடல் முழுக்க ரத்தத்தைத் தள்ளும் வேலையைப் பற்றிய பக்கம் என்றால் இப்படி எழுதலாம்: "இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றம். மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்கள். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட நன்கு தடித்திருக்கிறது. அதிலிருந்து மகாதமனி மேல்நோக்கிப் புறப்படுகிறது." பார்க்க முடிந்த பிள்ளை அந்தப் படத்தில் கவனிக்க வேண்டியதும் அந்தத் தடித்த சுவரைத்தான். இப்படி எழுதிப் பார்க்கும்போது, எதையும் கற்பிக்காத அலங்காரப் படங்கள் எவை என்பதும் தெரிந்துவிடும். அவற்றை எடுத்துவிடலாம்.

தென்கொரியாவில் ஏஐ பாடநூல்கள் வந்துவிட்டனவாமே. நமக்கு எப்போது?
– மென்பொருள் பணியாளர், சென்னை

வந்த வேகத்தில் பின்வாங்கியும் விட்டன. 2025 மார்ச்சில் கணிதம், ஆங்கிலம், தகவலியல் பாடங்களுக்குச் சில வகுப்புகளில் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அவற்றுக்குப் பாடநூல் என்ற தகுதியை நீக்கித் துணைக்கருவி ஆக்கிவிட்டது. அவசரம், ஆசிரியர்களுக்குக் கூடிய வேலை, பிள்ளைகளின் தகவல் பாதுகாப்பு என்று பல புகார்கள் எழுந்தன. எனக்கு அதில் படிப்பினையாகத் தெரிவது அவசரம்தான். ஆசிரியர் கைக்குப் பழகுவதற்குள் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள்.

அதற்கு வெகு முன்பே கலிபோர்னியாவில் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் கல்லூரி உயிரியல் நூல் ஒன்றை எடுத்து, "இன்குவயர் பயாலஜி" என்ற பெயரில் மாணவர் கேள்விக்குப் பதில் சொல்லும் மின்நூலாக்கிப் பார்த்தது. ஒரு வாக்கியத்தை வண்ணமிட்டால் அதைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளை நூலே முன்வைக்கும். அதைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தபோது அச்சு நூல் வைத்திருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அதன் பின்னால் இருந்த அறிவுத்தளத்தை உயிரியல் தெரிந்தவர்கள் உட்கார்ந்து கையால் உள்ளிட்டார்கள். அந்த உழைப்புதான் பதில்களை நம்பத்தக்கதாக்கியது. இன்றைய ஏஐ சரளமாகப் பேசும், சில நேரம் தவறையும் அதே சரளத்தோடு பேசும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைப் பிரித்தறிய முடியாது. அதனால் தவறான விடைகளுக்கான குறிப்பின் முதல் வரைவு எழுத ஏஐயைப் பயன்படுத்தலாம், ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு வரியையும் பார்த்த பிறகே பிள்ளையிடம் போக வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

பிளஸ் ஒன் படிக்கிறேன். செயலியில் முக்கிய வரிகளை மஞ்சள் அடித்து, அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சரியா?
– மாணவி, தருமபுரி

மஞ்சள் அடிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அதோடு நின்றால் பலன் குறைவு அம்மா. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சோதனையைக் கேள். ஒரு குழு ஒரே பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை, பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு தடவை படித்தவர்கள்தான் மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். உனக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வராது. பாடத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார், அப்புறம் திறந்து விட்டுப்போனதை மட்டும் படி, இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி எழுது.

சிறு பதிப்பகம் எங்களுடையது. நடுநிலை வகுப்பு அறிவியலுக்கு ஒரு மின்பாட நூல் கொண்டுவர ஆசை. பணம் குறைவு. எங்கே தொடங்குவது? இருக்கும் பணத்தை எங்கே போடுவது?
– பதிப்பாளர், மதுரை

ஒரே ஓர் அத்தியாயத்தில் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் மென்பொருள் நிறுவனத்திடம் போகாதீர்கள். போன் அளவுக்குத் தாள்களை வெட்டி, ஒரு தாளில் ஒரு திரை என்று கையால் வரையுங்கள். பத்தி, படம், கேள்வி எல்லாம் பென்சிலில். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரை ஒவ்வொருவராக அழைத்து உட்காரவைத்து, "மனசுல என்ன ஓடுதோ அதைச் சத்தமா சொல்லிக்கிட்டே படி" என்று கேளுங்கள். பிள்ளை விடையைத் தொட்டால் அதற்குரிய தாளை நீங்கள் எடுத்துப் போடுங்கள். விளக்கம் சொல்லிக்கொடுக்க வாய் துடிக்கும், சொல்லாதீர்கள். புத்தகம் பிள்ளையின் வீட்டுக்குப் போகும்போது நீங்கள் கூட இருக்கப் போவதில்லை.

கவனிக்க வேண்டியது அவர்கள் கை. படத்துக்கும் பத்திக்கும் நடுவே தாளை முன்னும் பின்னும் புரட்டினால் இரண்டையும் ஒரே திரையில் கொண்டுவர வேண்டும். ஒரு பத்தியைக் கண் தாண்டிக்கொண்டு நேரே கேள்விக்குப் போனால் பத்தி நீளம். "மேலும் அறிக" பெட்டியை யாரும் தொடவில்லை என்றால் அதில் முக்கியமான எதையும் ஒளித்து வைக்காதீர்கள். நாலு பேரிடம் காட்டினாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். தாளில் திருத்துவதற்கு ரப்பர் போதும். நிரல் எழுதியபின் திருத்தினால் ஒவ்வொன்றுக்கும் பில் வரும்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டீர்கள். அனிமேஷனுக்கு ஒதுக்கியதில் பாதியை எடுத்து, வகுப்பறையில் பல வருடம் நின்ற ஓர் ஆசிரியருக்குக் கொடுங்கள். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கெல்லாம் வழுக்குவார்கள், என்ன காரணம் சொல்வார்கள் என்று அவரால் மனப்பாடமாகச் சொல்ல முடியும். உங்கள் கேள்விகளின் தவறான விடைகள் அவரிடமிருந்து வர வேண்டும். ஆசிரியர் தராமல் நாமாக இட்டுக்கட்டும் தவறான விடைகளை எந்தப் பிள்ளையும் தேர்ந்தெடுப்பதில்லை.

நூல் வெளிவந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று குழுவைக் கலைத்துவிடாதீர்கள். எந்தக் கேள்வியில் எந்தத் தவறான விடை அதிகம் தொடப்படுகிறது என்ற எண்ணிக்கையை மட்டும், பிள்ளைகளின் பெயர் எதுவும் சேமிக்காமல், பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு கேள்வியில் பாதிப் பேர் ஒரே தவறான விடைக்குப் போகிறார்கள் என்றால், அதற்கு முந்தைய பத்தியைத் திரும்ப எழுதுங்கள். அச்சு நூலில் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும், இதில் அடுத்த வாரமே மாற்றலாம். இதற்காகவே ஒப்பந்தத்தில் முதல் ஆண்டுக்குத் திருத்தச் செலவைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், புதுப் போனில் சோதித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். 2 ஜிபி ரேம் உள்ள, கண்ணாடி கீறிய பழைய போன் ஒன்றை வாங்கி, இணையத்தை அணைத்துவிட்டு, அத்தியாயம் முழுதும் திறக்கிறதா என்று பாருங்கள்.